கரையிலே ஒரு கயிறு

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் இரவைத் தாம்பரத்துக்குத் தெற்கே வாழ்வோர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரிகள் நிரம்பின. கலங்கல்கள் வழிந்தன. அடையாறு தன் பழைய பாதையைத் தேடிக்கொண்டு, வீட்டுமனைகளாகி விட்ட நிலத்துக்குள் நுழைந்தது. முடிச்சூர், வரதராசபுரம், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம் என்று எந்த ஊரைக் கேட்டாலும் ஒரே கதை: வாசலில் நீர், பிறகு கூடத்தில் நீர், பிறகு மாடிப்படியில் நீர்!

காட்டாங்குளத்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்த அந்த ஊரப்பாக்கத்தில், நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் சிக்கிக்கொண்டார். நீர் கழுத்தளவுக்கு வந்துவிட்டது. அந்த வேளையில் அங்கே படகோடு போய்ச் சேர்ந்தவர் முகமது யூனுஸ் என்ற இளைஞர். அவர் சீருடை அணிந்தவரல்லர். மீட்புப் படையில் பயிற்சி பெற்றவருமல்லர். சொந்தமாகத் தொழில் நடத்திவந்தவர். வெள்ளம் வந்ததும் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு, மீனவர்களின் துணையோடு படகில் ஏறித் தெருத் தெருவாகப் போனார். அந்தத் தாயைப் படகில் ஏற்றிப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சில நாட்களில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. காப்பாற்றியவரின் பெயரையே அந்தக் குழந்தைக்குச் சூட்டினர் பெற்றோர். இந்துக் குடும்பத்துப் பெண் குழந்தைக்கு யூனுஸ் என்று பெயர்! மேடை போட்டு ஒற்றுமையைப் பற்றி முழங்குவோர் ஆயிரம் பேர் இருக்கலாம். அவர்கள் எவராலும் சொல்ல முடியாத ஒன்றை அந்தப் பெற்றோர் ஒரு பெயரிலே சொல்லிவிட்டனர்.

அந்தச் செய்தியை நாடே படித்தது, பாராட்டியது, கண் கலங்கியது. நாமும் பாராட்டினோம். இன்று அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதைத் தாண்டி வளர்ந்திருக்கும். நாம் கேட்க விரும்புவதெல்லாம் ஒன்றுதான். அந்தக் குழந்தை வளர்ந்த அளவுக்கு, அந்த நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்ற பாடம் வளர்ந்திருக்கிறதா? நாளைக்கே இன்னொரு மனிதன் ஏரியிலே தவறி விழுந்தால், அவனைக் காப்பாற்ற ஓடி வருகிறவன் கையிலே கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை ஏன் எழுப்புகிறோம் என்பதற்கு வேறொரு மாவட்டத்திலே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பெரம்பலூர் மாவட்டத்தில் மருதையாற்றின் குறுக்கே கொட்டரையில் நீர்த்தேக்கம் கட்டப்பட்டு வந்தது. மழை பெய்து அங்கே நீர் தேங்கியிருந்தது. சிறுவாச்சூரிலிருந்து கிரிக்கெட் விளையாட வந்த இளைஞர்கள் ஆட்டம் முடிந்ததும் குளிக்க இறங்கினார்கள். ஆழம் தெரியாமல் நால்வர் மூழ்கத் தொடங்கினர். கரையிலே இருந்தவர்கள் செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபாள், முத்தம்மாள் போன்ற அந்தப் பக்கத்துப் பெண்கள். உழைத்துப் பிழைக்கும் வீட்டுப் பெண்கள். அவர்களிடம் கயிறில்லை, கம்பில்லை, மிதவை இல்லை. உடுத்தியிருந்த புடவைதான் இருந்தது. அதைக் களைந்து நீரிலே வீசினார்கள். இரண்டு பேர் அதைப் பற்றிக் கரையேறினார்கள். மற்ற இருவரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

அந்த மூன்று பெண்களுக்கும் அவ்வாண்டு விடுதலை நாளன்று தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. தகுதியானவர்களுக்குத்தான் கொடுத்தது. அதிலே நமக்கு மாறுபட்ட கருத்து இல்லை.

ஆனால் அந்தப் புடவையைப் பற்றிச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? பிறந்த நாள்தொட்டு இந்த நாட்டிலே பெண்ணுக்கு என்ன சொல்லி வளர்க்கிறோம்? முந்தானையைச் சரி செய், தலையைக் குனி, பத்துப் பேர் நடுவிலே நிற்காதே என்றுதானே! மானம் என்பதைப் பெண்ணின் உடுப்பிலே முடிந்து வைத்தவர்கள் நாம். முன்பின் அறியாத ஆடவர்கள் ஒரு டஜன் பேர் சுற்றி நின்ற இடத்தில், அந்தப் பெண்கள் அத்தனை கால உபதேசத்தையும் ஒரே நொடியில் உதறிவிட்டார்கள். "உயிர் பெரிதா, ஊர் என்ன பேசும் என்பது பெரிதா?" என்று அவர்கள் வாதம் நடத்திக்கொண்டிருக்கவில்லை. வாதம் நடத்த நேரமும் இல்லை. வீரம் என்றால் வாளும் வேலுமே நினைவுக்கு வருகிற நமக்கு, நனைந்த நூல் புடவையும் வீரத்தின் கருவி என்பதைக் காட்டினார்கள்.

இதற்குள்ளே ஒரு கணக்கும் இருக்கிறது. புடவையின் நீளம் ஐந்தரை மீட்டர். கையிலே பிடித்த பகுதி போக, நீரிலே விழுவது ஐந்து மீட்டரும் இல்லை. அந்த ஐந்து மீட்டருக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இருபது மீட்டர்க் கயிறு ஒன்று அந்தக் கரையிலே ஒரு முளைக்கம்பிலே சுற்றி வைக்கப்பட்டிருந்தால்? இதைக் கேட்பதனால் அந்தப் பெண்களின் பெருமை குறைந்துவிடாது. அவர்களுக்கு விருது வழங்கிய கைகள், அடுத்த நாளே மாவட்டம்தோறும் கயிறு வாங்கப் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

இனி, நம் பக்கத்திலேயே நடந்த கொடுமையைச் சொல்ல வேண்டும். அதை எழுதவே கை தயங்குகிறது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், நங்கநல்லூரை அடுத்த மூவரசம்பட்டுக் குளத்திலே தீர்த்தவாரி. பங்குனி உத்திர நாள், கூட்டம், மேளம், மந்திரம். கோயில் பணிக்கு வந்த இளைஞர்கள் நீரிலே இறங்கி நின்றார்கள். ஒருவர் ஆழத்திலே சிக்கினார். கை கொடுக்கப் போனவரும் சிக்கினார். அவருக்குக் கை கொடுக்கப் போனவரும் போனார். ஐந்து உயிர்கள்! கரையிலே நூற்றுக்கணக்கானவர் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலிலே, சென்னைப் பட்டணத்தின் எல்லையிலே, விமான நிலையத்துக்கு எட்டிய தூரத்திலே ஐந்து இளைஞர்கள் ஒரு குளத்துக்குள் போய்விட்டனர். பிறகு தீயணைப்புத் துறையினர் வந்தார்கள், உடல்களை எடுத்தார்கள். குடும்பங்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

அந்த ஐவரிலே பின்னால் போனவர்கள் கோழைகளா? இல்லவே இல்லை. ஊரப்பாக்கத்து யூனுசுக்கும் கொட்டரைப் பெண்களுக்கும் இருந்த அதே நெஞ்சம்தான் அவர்களுக்கும் இருந்தது. யூனுசுக்குப் படகு இருந்தது. கொட்டரைப் பெண்களுக்குப் புடவை இருந்தது. மூவரசம்பட்டு இளைஞர்களுக்குத் தங்கள் கைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு வீரத்திலே இல்லை. கையிலே இருந்த பொருளிலேதான் இருந்தது. இதை ஆட்சியிலே இருப்போர் மட்டுமல்ல, கோயில் விழா நடத்துவோரும், கல்லூரி நடத்துவோரும், ஊராட்சித் தலைவர்களும் மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரில் மூழ்குகிறவன் கைகளை வீசிக் கூச்சலிடுவான் என்று திரைப்படங்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டன. உண்மை அதற்கு நேர்மாறு. மூச்சு விடவே வாய் நீருக்கு மேலே நிற்காதபோது, கூச்சல் போட எங்கிருந்து வரும்? கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து நீரை அமுக்கும். தலை பின்னால் சாயும். பார்ப்பவனுக்கு அவன் விளையாடுவது போலத் தோன்றும். இருபது நொடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் அவன் நீருக்கடியில் போய்விடுவான். அந்த நேரத்திலே எது கிடைத்தாலும் இறுகப் பிடிப்பான். அது கயிறானால் பிழைப்பான். காப்பாற்ற வந்தவன் கழுத்தானால், இருவரும் போவார்கள். நல்ல நீச்சல்காரன்கூட இப்படித்தான் போகிறான். எனவேதான், மீட்புத் தொழிலிலே ஊறியவர்கள் சொல்வது: முதலில் கம்பை நீட்டு, அல்லது கயிற்றை வீசு, மிதக்கிற பொருள் எதையாவது எறி, நீரில் குதிப்பது கடைசி வழி. வீட்டிலே இருக்கிற காலிப் பிளாஸ்டிக் குடம், மூடி இறுக மூடிய எண்ணெய்க் கேன், லாரி டயரின் டியூப், எல்லாம் மிதவைதான். ஒரு குடம் ஒரு ஆளைச் சில நிமிடம் தாங்கும். அந்தச் சில நிமிடம் போதும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி இறப்போர் எண்ணிக்கை 35,000-க்கு மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்கால ஏடுகள் காட்டுகின்றன. 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இப்படி இறந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்தது. பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். பணக்கார நாட்டிலே ஆறு இல்லையா, ஏரி இல்லையா, கடல்தான் இல்லையா? எல்லாம் உண்டு. அங்கே வேலியும் உண்டு, கயிறும் உண்டு, நீச்சல் சொல்லித் தரப் பள்ளியும் உண்டு.

"எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறோம். படித்தும் இறங்கினால் யார் என்ன செய்வது?" என்று அதிகாரிகள் சிலர் கேட்கிறார்கள். பலகை வைத்ததோடு கடமை முடிந்தது என்பது அவர்கள் எண்ணம்! "ஆழமான பகுதி, குளிக்காதே" என்று எழுதியிருக்கும். எவ்வளவு ஆழம்? எங்கே ஆழம்? அதை அந்தப் பலகை சொல்லாது. மேலும், கோடை வெயிலிலே வெந்துகொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கு முன்னால் நீரை வைத்துவிட்டு, பலகையை நம்பிப் படுத்துத் தூங்குவது என்ன நிர்வாகம்? அவனுக்குக் குளிக்க வேறு இடம் எது? கட்டணம் கட்டி நீச்சல் குளத்துக்குப் போகும் வசதி உள்ள வீட்டுப் பிள்ளை ஏரியிலே சாவதில்லை. சாகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று மருத்துவமனைப் பிணவறை வாசலிலே அழுதுகொண்டு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஏரி ஏன் கொல்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய ஏரி கொல்லாது. கரையிலிருந்து உள்ளே போகப் போகச் சீராக ஆழம் கூடும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று காலுக்குத் தெரியும். ஊரிலே நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மதகு எங்கே, மடு எங்கே, சேறு எங்கே என்பதெல்லாம் அவர் விரல் நுனியில். இன்று நிலைமை என்ன? மண் அள்ளுகிறோம் என்று எந்திரத்தைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அளவோடு அள்ளினால் ஏரிக்கு நன்மைதான். அள்ளுகிறவர் அளவையா பார்க்கிறார்? லாரியையல்லவா பார்க்கிறார்! இங்கே மூன்றடி, அடுத்த எட்டிலே இருபதடி. மழை பெய்து நீர் மூடிவிட்டால் மேலே எல்லாம் ஒரே கண்ணாடி. இடுப்பளவு நீரிலே நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் காணாமற் போகிறான். பல்லாவரம், திரிசூலம் பக்கத்திலே கல் எடுத்துவிட்டுக் கைவிட்ட குவாரிக் குழிகளின் கதை இன்னும் மோசம். அங்கே கரை என்பதே இல்லை, செங்குத்தான பாறைதான். கல்லை விற்றுக் காசாக்கியவர் போய்விட்டார். குழியை ஊருக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார். வேலி போடச் சொல்லும் சட்டமும் விதியும் ஏட்டிலே இருக்கின்றன.

காட்டாங்குளத்தூர், பெயரிலேயே குளத்தை வைத்திருக்கும் ஊர். அடுத்த ரயில் நிலையம் பொத்தேரி, பெயரிலேயே ஏரி. செங்கற்பட்டுச் சீமையே ஏரிகளின் சீமை என்று பெயர் பெற்றது. 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமானபோதும் அந்தப் பெயரையே சொல்லிப் பெருமைப்பட்டோம். இந்தப் பகுதி இன்று கல்லூரிகளின் பகுதியாகவும் ஆகிவிட்டது. வடநாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து படிக்கும் மாணவர்கள் ஆயிரக்கணக்கில். இந்த ஏரியின் ஆழம் அவர்களுக்குத் தெரியாது; எச்சரிக்கைப் பலகையின் தமிழும் தெரியாது. ஊரிலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கே ஏரியைத் தெரியாத காலம் இது. பாட்டன் காலத்திலே வயற்கிணறு இருந்தது. முதுகிலே சுரைக்குடுக்கையைக் கட்டி, கிணற்றிலே தள்ளிவிடுவார்கள். இரண்டு நாள் தண்ணீர் குடித்தால் மூன்றாம் நாள் நீச்சல் வந்துவிடும். வயல் மனையாயிற்று, கிணறு மூடப்பட்டது. நீச்சல் போயிற்று, ஏரி மட்டும் நிற்கிறது!

பழங்காலத்தைப் புகழ்கிறோம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அந்தக் கிணற்றிலே எல்லாரும் இறங்க முடிந்ததா? இன்ன சாதி இறங்கலாம், இன்ன சாதி நிழல்கூடப் படக்கூடாது என்று வைத்திருந்த நாடல்லவா இது! பொதுக்குளத்து நீரை ஒரு கை அள்ளிக் குடிக்கும் உரிமைக்காக 1927-இல் மகாடு நகரிலே அம்பேத்கர் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. நீருக்கு அருகே விடாதவனுக்கு நீச்சல் எப்படி வரும்? பெண்களுக்கோ, எந்தச் சாதியானாலும், பருவம் எய்திய நாளோடு கிணற்று நீச்சல் முடிந்தது. பெண் பிள்ளைக்கு நீச்சல் கற்பிக்க வேண்டும் என்று சொன்னால் இன்றுகூட முகம் சுளிக்கும் வீடுகள் உண்டு. ஆகவே நாம் கேட்பது பழைய கிணறு அல்ல. பையனும் பெண்ணும், எந்தத் தெருவிலிருந்து வந்தவரும், ஒரே குளத்திலே கற்றுக்கொள்ளும் பள்ளி நீச்சல்.

இது ஆகாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். நம்மைவிட வசதியிற் குறைந்த வங்கதேசத்திலே செய்து காட்டியிருக்கிறார்கள். ஊர்க் குட்டையிலேயே மூங்கிலால் மேடை கட்டி, ஆழத்தை அளந்து கட்டுப்படுத்தி, அந்தந்த ஊர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டே குழந்தைகளுக்கு நீச்சல் கற்பித்தார்கள். பளிங்குக் குளம் கட்டவில்லை; பல கோடியில் அரங்கம் எழுப்பவில்லை. 2021-இல் ஐக்கிய நாடுகள் அவையில் நீர்மூழ்கல் தடுப்புத் தீர்மானத்தை அயர்லாந்தோடு சேர்ந்து முன்னின்று கொண்டுவந்ததும் அதே வங்கதேசம்தான். ஜூலை 25-ஆம் நாள் அதற்கான உலக நாளாயிற்று. நம் மத்தியச் சுகாதார அமைச்சகமும் 2023 இறுதியில் இதற்கென ஒரு திட்ட வரைவை வெளியிட்டது. டெல்லியிலே அச்சான திட்டம் ஊரப்பாக்கத்து ஏரிக்கரைக்கு எந்த ரயிலில் வரும் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

கரைக்கு இழுத்துப் போட்ட பிறகும் உயிர் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. தூக்கித் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். தோளிலே போட்டுச் சுற்றுகிறார்கள். வயிற்றை அமுக்கி நீரை எடுக்கப் பார்க்கிறார்கள். அன்பினாலே செய்கிறார்கள், ஆனால் அந்த அன்பே எமனாகிறது. மூழ்கியவனுக்கு வேண்டியது மூச்சுக்காற்று. நீரை வெளியேற்றுவதிலே வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குக் கேடு. நான்கைந்து நிமிடம் காற்றில்லாவிட்டால் மீளாத தீங்கு தொடங்கிவிடும். மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து முதலில் காற்றை ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவிலே அழுத்த வேண்டும். மாறி மாறி, 108 வண்டி வரும்வரை விடக்கூடாது. ஒரு மணி நேரத்திலே கற்றுக்கொடுக்கக்கூடிய கலை இது. பத்தாண்டுப் பள்ளிப் படிப்பிலே இந்த ஒரு மணி நேரத்துக்கு இடமில்லையா?

இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே லண்டனில் இதை உணர்ந்தார்கள். 1774-இல் ஹாஸ், கோகன் என்ற இரு மருத்துவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். நீரிலே மூழ்கியவனுக்கு உயிரூட்ட முயன்றவர்க்குப் பரிசுப் பணம் கொடுத்தது அந்தச் சங்கம். அதோடு நிற்கவில்லை, மீட்புக் கருவிகளை நீர்நிலைகளின் பக்கத்திலேயே வைக்க ஏற்பாடு செய்தது. பதக்கமும் கருவியும் அங்கே கூடவே பிறந்தன. நம் நாட்டிலே பதக்கம் மட்டும் பிறந்தது. மத்திய அரசின் ஜீவன் ரக்ஷா விருதுகள் 1961 முதல் இருக்கின்றன. குடியரசு நாளிலே முதலமைச்சர் வழங்கும் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் இருக்கிறது. இவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. ஏழையின் நெஞ்சிலே பதக்கம் ஏறும் காட்சியைக் காண நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பதக்கம் குத்தப்படும் சட்டைக்குள்ளே ஒரு தினக்கூலி இருக்கிறான் என்பதை அரசு நினைத்துப் பார்க்க வேண்டும். அவன் அன்று வேலைக்குப் போகவில்லை. கைப்பேசி நீரிலே போயிற்று. கண்ணாடி குத்திக் காலிலே காயம். "நீ யார், எப்படி அங்கே இருந்தாய், எத்தனை மணிக்குப் பார்த்தாய்?" என்று காவல் நிலையத்திலே கேள்வி.

சாலை விபத்திலே அடிபட்டவனுக்கு உதவியவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலே திருத்தம் வந்தது. நல்ல காரியம். பெயர் சொல்லவும் வேண்டாம்; சாட்சிக்கு இழுக்கவும் முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு மோட்டார் வாகன விபத்துக்கு மட்டும். சாலையிலே கிடந்தவனைத் தூக்கினால் நீ புண்ணியவான். சாலைக்குப் பக்கத்து ஏரியிலே கிடந்தவனைத் தூக்கினால் உனக்கு அந்தச் சட்டத்திலே இடமில்லை! இது என்ன நியாயம்? நீரிலிருந்து மீட்பவருக்கும் அதே காப்பு வேண்டும். மீட்கப் போய் உயிரிழந்தவர் குடும்பத்துக்கு, அமைச்சர் மனமிரங்கி அறிவிக்கும் தொகையாக அல்லாமல், உரிமையாகக் கிடைக்கும் உதவி வேண்டும். 2015-இலும், 2018-இல் கேரளத்திலும் கடலை விட்டுத் தெருவுக்குப் படகைக் கொண்டுவந்த மீனவர்களுக்குப் பாராட்டு மழை பொழிந்தோம். மலப்புரம் பக்கத்திலே நீரில் குனிந்து, தன் முதுகையே படியாக்கிப் பெண்களைப் படகிலே ஏற்றினார் ஒரு மீனவர். அந்தப் படத்தைப் பார்க்காதவர் இல்லை. உடைந்த படகுக்கும் எரிந்த டீசலுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் முறை ஒன்று, அழைப்பதற்கு முன்னாலேயே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டாமா?

"வீரம் வீரம் என்று புகழ்ந்து எழுதி, இன்னும் நான்கு பிள்ளைகளை நீரிலே குதிக்க வைக்கிறீர்கள்" என்று ஒரு நண்பர் நம்மிடம் சொன்னார். அவர் சொல்லிலே உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒருவன் மூழ்குவதைக் கண்டு ஓடுகிற கால்களைக் கட்டிப்போட எந்த எழுத்தாலும் முடியாது, முடியவும் வேண்டாம். அந்தக் கால்கள் ஓடும் வழியிலே கைக்கு எட்டும்படி ஒரு கயிறு தொங்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

அதற்கு என்ன செலவாகும்? நைலான் கயிறு இருபது மீட்டர், நுனியிலே கட்ட ஒரு மிதவை, நீண்ட மூங்கில் ஒன்று, மாட்டி வைக்க ஒரு கம்பம். ஊராட்சி ஒன்றியத்தின் ஒரு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவிலே பல கரைகளுக்குப் போட்டுவிடலாம். கயிறு திருடு போகும் என்பார்கள். போகட்டும், மறுபடி கட்டுவோம். தெருவிளக்கின் பல்பு திருடு போகிறது என்பதற்காக ஊரை இருட்டிலே வைத்திருக்கிறோமா?

காட்டாங்குளத்தூர் ஒன்றியத்திலிருந்தே இது தொடங்கட்டும். ஒரு பெயரை நாட்டுக்குத் தந்த ஊரப்பாக்கம் இந்த ஒன்றியத்திலேதான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, ஒவ்வோர் ஏரிக்கும் எத்தனை கயிறு, எந்த இடத்தில் வேலி, எந்தப் பள்ளியில் பயிற்சி என்பதைக் கிராமசபையிலே வைத்துத் தீர்மானமாக எழுதட்டும். கம்பத்தை எங்கே நடுவது என்று பொறியாளர் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்காரத் தேவையில்லை. கரையிலே துணி துவைக்கும் பெண்களையும், மாடு குளிப்பாட்டும் பெரியவர்களையும், வலை வீசும் மீன்காரர்களையும் அழைத்துக் கேட்கட்டும். எந்த இடத்திலே போன கோடையில் மண் அள்ளினார்கள், எந்த இடத்திலே பிள்ளைகள் குதிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.